மேல்விளைக்காரி

மார்த்தாண்டம் கடையில் தந்த அட்டையில்
பதினோரு நிறம்.
ஒவ்வொன்றும் தீப்பெட்டியின் உரசுகிற பக்கம்போல்
விரலைப் பிடித்து இழுத்தது.
செங்கல், காப்பிப்பொடி, ஈரப்பாறை, காட்டுப்பச்சை...
கடைசி ஒன்றுக்குப் பெயர் ஒட்ட மறந்திருந்தார்கள்.

சரிவு கான்கிரீட் போட்டு ஆயிற்று.
மேலே ஷிங்கிள்ஸ் ஒட்டுவது ஜெஸ்டினின் பொறுப்பு.
வியாழனுக்குள் நிறம் சொல்லணும் என்றான்,
சாரல் பிடித்துவிட்டால் தார் பிடிக்காதாம்.

பஹ்ரைனிலிருந்து வீடியோவில் இவர்
வெயிலில் பிடி என்றார், நிழலில் பிடி என்றார்.
நான் காட்டிய சிவப்பு
அங்கே போய்ச் சேரும்போது மரக்கலராகிவிட்டிருந்தது.
மரக்கலரைக் காட்டினேன்.
"கறுப்பு வேண்டாம், வீடு வேகும்."
பிறகு, லோன் கட்டுகிறவரின் குரலில்,
"ஒனக்குப் பிடிச்சதப் போடு."

எனக்குப் பிடித்ததைப் பார்க்க
முற்றத்தில் இறங்கி அண்ணாந்தேன்.
தெரிந்தது மழைநீர்க் குழாயும்
ஒரு சாண் விளிம்பும்.
ரோட்டுக்குப் போனேன், பலா மறைத்தது.
உள்ளே வந்தால் சீலிங்.
முப்பது வருஷம் இதன் கீழே படுத்துறங்கினாலும்
இதன் நிறம் என் கண்ணில் படப்போவதில்லை.

அப்போது மேல்விளையில்
யாரோ ஈரத்துணியை உதறினார்கள்.

அருமனைச் சரிவில் எங்கள் வீட்டுக் கூரைமட்டம்தான்
ரெத்தினபாயின் வாசல்மட்டம்.
பல் தேய்க்க வந்தால் என் கூரை.
ரப்பர் ஷீட்டைக் கொடியில் போட்டால் என் கூரை.
ஞாயிற்றுக்கிழமை கதவைப் பூட்டி
பைபிளோடு திரும்பினாலும்
முதலில் கும்பிடக் கிடப்பது அதுதான்.

நாங்கள் பேசி மூன்று வருஷம்.
அரையடி மண்,
ஓடைத்தண்ணீர் போகவேண்டிய பக்கம்,
அவளுடைய அயனிமரம் என் மேல் கொட்டும் இலை:
குழித்துறை கோர்ட்டில்
மூன்றுக்கும் சேர்த்து ஆளுக்கொரு வக்கீல்.
அவள் கோழி என் பக்கம் வந்தால்
கோழியிடம்தான் சொல்வேன்,
அவளுக்குக் கேட்கும்படி.

அட்டையைத் துண்டால் மூடிக்கொண்டு ஏறினேன்.
சர்வேயர் நட்ட கல்லைத் தாண்டும்போது
கால் தானாக ஒரு முறை நின்றது.

"நிறம் பாக்கணும்."
"ஆருக்கு?"
"ஒனக்குத்தான். நீயில்லா பாக்கப்போற."

கையில் ஆசிட் மணம். உட்காரச் சொல்லவில்லை.
அட்டையை வாங்கி
கை நீட்டி, ஒரு கண்ணைச் சுருக்கி
என் வீட்டின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள்.
"இது நாலு மணி வெயிலுக்கு எனக்க கண்ணுல குத்தும்.
இது இப்பமே பாசி பிடிச்சதுபோல இருக்கு.
இது... சவப்பெட்டி."
பெயரில்லாததில் விரல் நின்றது.
பழுப்புமில்லை, சாம்பலுமில்லை.
"இது கொள்ளாம்.
அயனி இலை விழுந்தாலும் தெரியாது."

இறங்கி வரும்போது யோசித்தேன்,
எனக்காகச் சொன்னாளா
வக்கீல் சொல்லிக்கொடுத்துச் சொன்னாளா?
இரண்டுக்கும் ஒரே நிறம்தான் வருகிறது.
ஜெஸ்டினிடம் அதையே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.
பேரென்ன என்றான்.
கடைசிக் கட்டம் என்றேன்.

பதினேழாம் தேதி வாய்தா.
போகத்தான் செய்வோம், ஒரே பஸ்ஸில்,
அவள் முன்வாசல், நான் பின்வாசல்.

வேலை முடிந்த சாயங்காலம்
எப்படி இருக்கிறதென்று பார்க்க
உலகத்தில் எனக்கு ஒரே இடம்தான் இருந்தது.
ஏறிப்போய் வாசலுக்கு வெளியே நின்றேன்.
அவள் கோழியைப் பார்த்துச் சொன்னாள்:
"பாக்க வந்தவிய
இஞ்ச கேறி நின்னு பாத்தா என்னவாம்?"

கேறினேன்.
பக்கத்தில் நின்று பார்த்தோம்.
அயனியிலிருந்து ஓர் இலை சுற்றிச்சுற்றி இறங்கி
கூரையைத் தொட்டது.
அப்புறம் அது எங்கே கிடக்கிறதென்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.